பழைய டொயோட்டா பிக்கப்: முழு ஆக்சிலுக்குக் குறுக்கு ஸ்டீயரிங் போடும் முறை

இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பும். பிரேக்கை அழுத்தினால் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்கும். 1979 முதல் 1985 வரை அமெரிக்கச் சந்தைக்கு வந்த முழு ஆக்சில் (இரு முன்சக்கரத்தையும் ஒரே உடலாக இணைக்கும் ஆக்சில்) வைத்த டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை, அதிலும் ஸ்பிரிங் மாற்றி உயர்த்திய வண்டியை, ஓட்டியவர்களுக்கு இந்த இரண்டும் பழகிப்போன தொல்லை. 1984, 1985 ஃபோர்ரன்னரும் இதே அடித்தளம்தான். 1986 மாடலில் அமெரிக்க வண்டிகளுக்கு டார்ஷன் பார் வைத்த தனித்தனி முன் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. அதைத்தான் ஐ.எஃப்.எஸ். என்கிறார்கள். அந்த ஐ.எஃப்.எஸ். வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸே முழு ஆக்சில் வண்டியின் நோய்க்கு மருந்து.

கம்பெனி கொடுத்த அமைப்பில் பாக்ஸின் வெளித்தண்டில் மாட்டிய பிட்மேன் ஆர்ம் என்ற கை முன்னும் பின்னும் ஆடும். அதில் மாட்டிய டிராக் லிங்க் என்ற கம்பி சேசிஸுக்கு இணையாக நீளவாட்டில் ஓடி இடது நக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதியை, தள்ளும், இழுக்கும். லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கும் ஆக்சிலோ மேலே வரும்போது நேராக வருவதில்லை. ஸ்பிரிங்கின் அசையாத கண்ணை மையமாக வைத்து ஒரு வளைவில் வரும். டிராக் லிங்கின் முனை பிட்மேன் ஆர்மை மையமாக வைத்து வேறொரு வளைவில் போகப் பார்க்கும். இரண்டு வளைவும் பொருந்தாத அளவுக்குச் சக்கரம் தானே திரும்பும். பிரேக் போடும்போது ஆக்சில் சக்கரம் சுழலும் திசையிலேயே சற்று முறுக்கிக்கொள்ளும். நக்கிளின் மேல்பகுதி முன்னால் நகரும், டிராக் லிங்க் விடாது, மறுபடியும் சக்கரம் திரும்பும். வண்டியை உயர்த்தினால் டிராக் லிங்க் இன்னும் சாய்ந்து இரண்டு குறையும் கூடிவிடும்.

குறுக்கு ஸ்டீயரிங்கில் பிட்மேன் ஆர்ம் பக்கவாட்டில் ஆடும். டிராக் லிங்க் வண்டியின் குறுக்கே போய் வலது நக்கிளைப் பிடிக்கும். ஆக்சில் முன்பின் நகர்ந்தாலும் முறுக்கினாலும் அந்த லிங்குக்கு அது பெரிதாக உறைக்காது. அதோடு இரு நக்கிளையும் இணைக்கும் டை ராடும் லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்து மேலே ஏறிவிடுவதால் பாறையில் மோதி வளையாது. கரடுமுரடான பாதையில் போகிறவர்கள் பலர் இதற்காகவே செய்கிறார்கள்.

கீழே சொல்வதெல்லாம் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு. இலங்கையிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள வலப்பக்க ஸ்டீயரிங் ஹைலக்ஸுக்கு அமெரிக்கக் கிட் அப்படியே பொருந்தாது. தத்துவம் ஒன்றுதான், பாக்ஸும் பிளேட்டும் வலப்பக்க வண்டிக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

முதலில் தேய்மானம்

பாக்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இறங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. பவர் ஸ்டீயரிங் தேய்மானத்தைச் சரிசெய்யாது, மறைக்கும். ஆகவே சாமான் வாங்கும் முன்பே வண்டியின் ஆட்டத்தைக் கண்டுபிடியுங்கள்.

எஞ்சினை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக நாலு விரல் அளவுக்கு ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்டையும் கையால் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் ஷாஃப்ட் ஜாயின்ட், பாக்ஸ் உள்ளே போகும் தண்டு, வெளியே வரும் தண்டு, பிட்மேன் ஆர்ம், லிங்கின் இரு முனைகள், டை ராட் எண்டுகள் என்று வரிசையாகப் போங்கள்.

பிறகு முன் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது வீல் பேரிங். அப்படியே இருந்தால் நக்கிள் திரும்புவதற்கு அதன் மேலும் கீழும் உள்ள டிரன்னியன் பேரிங். பிரேக் பிடித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

லீஃப் ஸ்பிரிங் புஷ்களை அலட்சியம் செய்யாதீர்கள். நீளவாட்டு லிங்க் ஆக்சிலை முன்பின் தள்ளியது. குறுக்கு லிங்க் அதைப் பக்கவாட்டில் தள்ளும். புஷ்ஷும், ஸ்பிரிங்கின் அசையும் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளும் தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் முன் ஆக்சில் முழுவதும் ஓரமாக நகரும். பழைய அமைப்பில் தெரியாமல் இருந்த இந்தத் தொய்வு புதிய அமைப்பில் முதல் நாளே தெரியும். எல்லாம் நல்ல சாமான், ஆனாலும் ஸ்டீயரிங்கின் நடுவில் செத்த இடம் இருக்கிறது என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

என்னென்ன வேண்டும்

1986 முதல் 1995 வரையிலான ஐ.எஃப்.எஸ். பிக்கப் அல்லது ஃபோர்ரன்னரின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸ். பழைய இரும்புக் கடையில் எடுப்பதாக இருந்தால் அதோடு சேர்த்து உள்தண்டில் மாட்டியிருக்கும் ஜாயின்டையும், ஹோஸ்களையும், பேன்ஜோ போல்ட்டுகளையும் (ஹோஸை பாக்ஸில் மாட்டும், எண்ணெய் போகத் துளையுள்ள போல்ட்டுகள்) விடாமல் எடுத்து வாருங்கள். ஜாயின்டை விட்டுவிட்டு வந்தால் அந்தப் பல்லுக்குப் பொருந்தும் ஒன்றைத் தேடி அலைய நேரும். வெளித்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த பாக்ஸ் வேண்டாம்.

பிட்மேன் ஆர்ம்: லேண்ட் க்ரூசர் 80 வரிசையின் ஆர்ம் இந்த பாக்ஸின் பல்லில் உட்காரும், பலரும் அதையே போடுகிறார்கள். டை ராட் எண்டுகளும் அதே 80 வரிசையுடையவை, 23 மி.மீ. மரை, ஒரு முனைக்கு வலப்புரி, மறுமுனைக்கு இடப்புரி. டை ராடுக்கு ஒரு ஜோடி, டிராக் லிங்குக்கு ஒரு ஜோடி, ஆக நான்கு.

நக்கிளின் மேலே உட்காரும் உயர் ஸ்டீயரிங் ஆர்ம்கள் இரண்டு. வலது ஆர்மில் டை ராடுக்கு ஒன்று, டிராக் லிங்குக்கு ஒன்று என இரண்டு துளை இருக்க வேண்டும். ஆர்முக்கு நான்கு வீதம் எட்டு 12 மி.மீ. ஸ்டட், நட், கூம்பு வாஷர். ஸ்டட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பழையவற்றைத் திரும்பப் போடவே வேண்டாம்.

குழாய்: தையல் இல்லாமல் இழுத்த தடித்த சுவர் இரும்புக் குழாய், வெளி விட்டம் ஒன்றேகால் அங்குலம், சுவர் கால் அங்குலம். மரை போட வசதி இல்லாதவர்கள் கிட்டாக வரும் மரை போட்ட குழாயையே வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாகப் போடுபவர்கள் 23 மி.மீ. மரைக்கு 21.5 மி.மீ. துளையிடுங்கள். தண்ணீர்க் குழாயில் டை ராட் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவை தவிர பாக்ஸ் உட்கார 6 மி.மீ. பிளேட், சேசிஸ் துளைக்குள் போகும் ஸ்லீவ் குழாய்கள், இரண்டு பக்கத்துக்கும் நக்கிள் சீல் செட்டு, டிரன்னியன் பேரிங், மாலி கிரீஸ். கருவிகளில் 54 மி.மீ. ஹப் நட் சாக்கெட், டார்க் ரெஞ்ச், பித்தளைக் கம்பி, வெர்னியர், மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு. தராசு எதற்கு என்று கேட்காதீர்கள், அது இல்லாமல் நக்கிளைக் கட்டக் கூடாது.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியாக இருந்தால் பம்ப், பிராக்கெட், புல்லி, பெல்ட், எண்ணெய்த் தொட்டி எல்லாம் அதே எஞ்சின் வகையிலிருந்து ஒரே செட்டாகக் கிடைக்க வேண்டும். தனித்தனியாகச் சேர்த்தால் புல்லி வரிசை ஒத்துவராது.

நக்கிள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். சேசிஸில் வெல்டிங் கோணினால் வெட்டித் திருத்தலாம். நக்கிளில் தவறினால் ஓடும் வண்டியில் ஆர்ம் பிடுங்கிக்கொள்ளும்.

சக்கரம், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில், பர்ஃபீல்ட் ஜாயின்டோடு (திரும்பிய சக்கரத்தையும் சுழற்றும் ஜாயின்ட்) உள் ஆக்சில் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பியால் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்க விடாதீர்கள். நக்கிளின் பின்புறத் துடைப்பு சீலையும் எடுத்துவிடுங்கள். ஷாஃப்டும் சீலும் உள்ளே இருந்தால் அவற்றின் உராய்வு பிரீலோட் (பேரிங்கின் முன்இறுக்கம்) அளவைக் கெடுத்துவிடும்.

ஆர்மைப் பிடித்திருக்கும் கூம்பு வாஷர்கள் நட்டைக் கழற்றியதும் வராது. நட்டை ஸ்டட்டின் நுனியோடு சமமாக வைத்துவிட்டு, ஆர்மின் பக்கவாட்டில் பித்தளைக் கம்பி வைத்து ஓங்கித் தட்டுங்கள். வாஷர் துள்ளி வரும். நட்டை முழுதாக எடுத்துவிட்டு ஸ்டட் தலையில் அடித்தால் மரை போய்விடும்.

ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று நான்கு உறையில் பெயர் எழுதிப் போட்டு வையுங்கள். மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் சேர்ந்து பேரிங் எவ்வளவு இறுக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நக்கிள் ஆக்சில் பந்தின் நடுவில் நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. கலந்துவிட்டால் சீல் ஒரு பக்கம் தேய்ந்து கிரீஸ் ஒழுகும்.

புது ஆர்மின் அடியில் பேரிங்கை அழுத்தும் குமிழ் பழைய மூடியின் குமிழ் அளவுக்கே இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். புதியது 0.2 மி.மீ. நீளமாக இருந்தால் 0.2 மி.மீ. ஷிம் கூட்டுங்கள், குட்டையாக இருந்தால் அதே அளவு குறையுங்கள்.

கீழ் ஆர்ம்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழைய டை ராட் மாட்டியிருந்த அந்தக் கைகள் கீழ் பேரிங்குக்கு மூடியாகவும் இருக்கின்றன. பாறையில் இடிக்கும் என்று தோன்றினால் கழற்றி, நீண்டிருக்கும் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, மூடிப் பகுதியைத் திரும்பப் போடலாம். நெருப்பால் அறுக்காமல் ரம்பத்தால் அறுங்கள்.

ஸ்டட் போடும் துளைகளை பிரேக் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் காய வையுங்கள். மரையில் தேய்மானம் தெரிந்தால் மரைச் சுருள் போட்டுத்தான் மேலே போக வேண்டும். நக்கிளுக்குள் போகும் பக்கத்துக்குச் சிவப்பு மரைப்பசை தடவி ஸ்டட்டை உட்கார வைத்து, பசை இறுகும் நேரம் கொடுங்கள். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக ஏற்றி 95 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். பிறகு ஆர்மின் தலையில் பித்தளையால் நாலு தட்டுத் தட்டி, மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். கூம்பு வாஷர் உட்கார்ந்து நட்டு கொஞ்சம் நகரும். நகராமல் நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள்.

இப்போது தராசு. ஆர்மின் டை ராட் துளையில் கொக்கியை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் நொடியில் 3 முதல் 6 கிலோ காட்ட வேண்டும். 3-க்குக் கீழே இருந்தால் ஷிம் குறையுங்கள், மேலும் கீழும் ஒரே அளவு. 6-க்கு மேலே இருந்தால் கூட்டுங்கள். தளர்ந்த நக்கிள் வாப்ளிங் (முன்சக்கரங்களின் உதறல்) கொடுக்கும். இறுகிய நக்கிள் வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங்கைத் திரும்ப விடாது.

குறுக்கு ஸ்டீயரிங்கில் வலது ஆர்ம் இரட்டைச் சுமை சுமக்கிறது. டிராக் லிங்கின் தள்ளல் முழுவதும் அதில் இறங்கி, அங்கிருந்துதான் டை ராட் வழியாக இடது சக்கரத்துக்குப் போகிறது. அதனால் ஸ்டட் தளர்வதும் முறிவதும் பெரும்பாலும் வலது பக்கத்தில்தான். ஆர்மின் அடியோரம் துருப்பொடி மாதிரிச் செம்பழுப்புக் கோடு தெரிந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

பாக்ஸை உட்கார வைத்தல்

வண்டி தன் எடையோடு, ஓடும் உயரத்தில், சக்கரம் நேராக நிற்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும் ஆக்சிலை வைத்து அளந்தால் எல்லாக் கோணமும் பொய். முதலில் பாக்ஸை அதன் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்: உள்தண்டை ஒரு கோடிவரை திருப்பி, மறுகோடிவரை சுற்றை எண்ணி, அதில் பாதி திரும்புங்கள். அந்த இடத்தில் தண்டிலும் உடலிலும் பெயின்ட் கோடு போடுங்கள்.

பாக்ஸ் இடது சேசிஸ் தண்டின் வெளிப்புறம் வரும், பழைய பாக்ஸ் இருந்த இடத்தைவிட முன்னால். பிட்மேன் ஆர்மை மாட்டி, கையால் பிடித்து, நான்கு விஷயம் பாருங்கள். நேராகப் போகும் நிலையில் பிட்மேன் ஆர்ம் வண்டியின் நீளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் டிராக் லிங்க் அதற்கு ஏறத்தாழச் செங்குத்தாக வர வேண்டும். ஆர்ம் முழு வீச்சில் ஆடும்போது ஸ்பிரிங், ஷாக்கிள், பிராக்கெட் எதிலும் இடிக்கக் கூடாது. முன்னாலிருந்து பார்க்கும்போது டிராக் லிங்க் முடிந்தவரை படுத்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குக் கணக்கு உண்டு. 900 மி.மீ. நீள லிங்க் படுகிடையாக இருந்து, சக்கரம் 75 மி.மீ. மேலேறினால் லிங்கின் முனை பக்கவாட்டில் நகர்வது 3 மி.மீ.தான். அதே லிங்க் 15 டிகிரி சாய்வில் தொடங்கினால் அதே 75 மி.மீ. ஏற்றத்துக்கு 17 மி.மீ. நகரும். 150 மி.மீ. நீள ஆர்மில் 17 மி.மீ. என்றால் சக்கரம் 6 டிகிரிக்கு மேல் தானாகத் திரும்புகிறது. இந்தக் கதிக்குப் பழைய ஸ்டீயரிங்கையே வைத்துக்கொண்டிருக்கலாம்.

உயர்த்தாத வண்டியில் இன்னொரு சிக்கல்: ஸ்பிரிங்குக்கு மேல் போகும் டை ராடுக்கும் டிராக் லிங்குக்கும் சேசிஸ், எண்ணெய்ச் சட்டி இவற்றோடு இடம் போதாது. தற்காலிகமாகக் கம்பிகளை மாட்டி, ஒரு சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (ஆக்சிலின் ஏற்றத்தை நிறுத்தும் ரப்பர்) தொடும்வரை ஜாக்கியில் ஏற்றிப் பாருங்கள். பிறகு மறு சக்கரம். பிறகு இரண்டையும், ஸ்டீயரிங் இரு கோடியிலும் இருக்க. ஒரு விரல் நுழையும் இடம் எங்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்குங்கள். அகல டயர் போட்டிருந்தால் முழுத் திருப்பில் அது பாக்ஸில் உரசுகிறதா என்பதையும் இதே வேளையில் பார்த்துவிடலாம்.

இடம் முடிவானதும் பிளேட்டைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள். முன்பக்கச் சேசிஸ் பெட்டி வடிவம், உள்ளே வெற்று. வெறும் போல்ட்டை இறுக்கினால் இரண்டு சுவரும் உள்வாங்கும், நாலு நாளில் போல்ட் தளரும், பிறகு துளை நீளும், பிறகு சேசிஸ் கிழியும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரு சுவரையும் துளைத்து ஸ்லீவ் குழாய் நுழைத்து, இரு முனையிலும் வெல்டிங் செய்து, சமமாகத் தேய்த்துவிட்டுத்தான் பாக்ஸை மாட்ட வேண்டும். போல்ட் 10.9 தரத்துக்குக் கீழே வேண்டாம்.

பிளேட்டின் முன் பின் ஓரங்களைச் சேசிஸின் குறுக்கே செங்குத்துக் கோடாக வெல்டிங் செய்யாதீர்கள். விரிசல் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். ஓரத்தைச் சாய்வாகவோ மீன்வாய் வடிவிலோ வெட்டிக்கொண்டால் சுமை பரவும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, பாக்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாக்ஸ் வழியாகக் கரன்ட் போனால் பேரிங்கில் பள்ளம் விழும். சேசிஸ் ஓரமாகப் போகும் பிரேக், பெட்ரோல் குழாய்களையும் மறக்காதீர்கள்.

கம்பிகள்

டை ராட் எண்டு குழாய்க்குள் குறைந்தது 35 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று நினைவில் வையுங்கள். இரு முனையிலும் சம அளவு ஏற்றி, நடுவில் நிறுத்தி, பிறகு நீளத்தைச் சரிசெய்யுங்கள். கூம்புத் தண்டும் துளையும் எண்ணெயில்லாமல் சுத்தமாக இருக்கட்டும். நட்டை 90 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, பின் துளை ஒத்துவரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் முடுக்குங்கள். தளர்த்தி ஒத்துவர வைக்கக் கூடாது. எட்டுக் கண் பார்த்தாலும் ஸ்பிளிட் பின் மறந்துபோவது உண்டு, போட்டதும் அங்கேயே வளைத்துவிடுங்கள். பிட்மேன் நட்டுக்கு 175 நியூட்டன் மீட்டர்.

வாங்கிய எண்டு, ஆர்ம் எதையும் சூடு காட்டி வளைக்கவோ, வெல்டிங் செய்து நீட்டவோ கூடாது. அடித்துச் செய்த இரும்பு சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்

பாக்ஸ் முன்னால் போனதால் ஷாஃப்ட் நீள வேண்டும். நழுவும் பகுதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கேபினும் சேசிஸும் தனித்தனியாக ஆடும் வண்டி இது. ஒரு ஜாயின்டின் கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் கையில் கரகரப்பாகத் தெரியும். ஒரே துண்டின் இரு முனையில் உள்ள கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். மாறி நின்றால் ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனத்து இரண்டு இடத்தில் லேசாகும். பாக்ஸைக் குறைசொல்லி மாற்றிவிட்டு அதே கோளாறோடு திரும்பி வருபவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு ஜாயின்டால் முடியாமல் மூன்று போட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் வேண்டும், இல்லையேல் ஷாஃப்ட் பாம்பு போல நெளியும். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

எண்ணெயும் காற்றும்

பேன்ஜோ போல்ட்டுகளுக்குப் புதுச் செம்பு வாஷர். எண்ணெய், டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்). முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். இடையிடையே தொட்டியை நிரப்புங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட். முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் கடைந்து நுரையாக்கிவிடும். அந்த நுரை அடங்க ஒரு இரவு ஆகும். கோடியில் பத்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள், எண்ணெய் கொதிக்கும்.

திருப்பு எல்லையும் அலைன்மென்ட்டும்

நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட் பாக்ஸின் உள் எல்லைக்கு முன்னால் தொட வேண்டும். பாக்ஸ் முதலில் முட்டினால் பம்பின் முழு அழுத்தமும் பாக்ஸின் பல்லில் இறங்கும். இன்னும் கொஞ்சம் திரும்பட்டும் என்று ஸ்டாப்பைக் குறைக்க ஆசை வரும். பர்ஃபீல்ட் ஜாயின்ட் உடைவது முழுத் திருப்பில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதுதான். ஸ்டாப்பை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

டோ-வை (மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரமும் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் அளவு) டை ராடில் சரிசெய்யுங்கள், 1 முதல் 3 மி.மீ. உள்வாங்கல் போதும். ஆக்சில் மைய உயரத்தில் இரு டயரின் முன்னால் கோடு கிழித்து அளந்து, வண்டியை அரைச் சுற்று முன்னால் உருட்டி, அதே கோடுகள் பின்னால் வந்ததும் மறுபடி அளங்கள். பின்னளவு முன்னளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பின்னால் தள்ளி அளக்காதீர்கள், தொய்வெல்லாம் மறுபக்கம் போய் அளவு மாறும். ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் அதைத் திருத்துவது டிராக் லிங்கில். டை ராடில் கை வைத்தால் டோ போய்விடும். வீலைப் பிடுங்கித் திருப்பிப் போட்டால் பாக்ஸின் நடு போய்விடும். இறுக்கமாக இருக்க வேண்டிய நடுப்பல் வளைவில் வரும், நேர்ச்சாலையில் ஆட்டம் வரும்.

காஸ்டர் (நக்கிள் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 2 முதல் 4 டிகிரி இருந்தால் பவர் ஸ்டீயரிங்கோடு நன்றாக ஓடும். நீள ஷாக்கிள் போட்டவர்களுக்கு இது குறைந்துபோயிருக்கும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம், அலுமினியம் நசுங்கும். காஸ்டரைக் கூட்டினால் முன் டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கி ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் கூடும் என்பதால், 4 டிகிரிக்கு மேல் ஆப்பு வைத்து ஆட வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், 30 கி.மீ. வேகத்தில். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் டிரன்னியன் இறுக்கம், குறைந்த காஸ்டர், ஷாஃப்ட் சிக்கல் என்ற வரிசையில் பாருங்கள். நேர்ச்சாலையில் அலைந்தால் டோ வெளியே விரிந்திருக்கிறதா, ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். கையை எடுத்தாலும் ஒரே பக்கம் பவர் இழுத்தால் பாக்ஸின் வால்வு கோளாறு. முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டார்ட் செய்தால் அது தானே திரும்பிக் காட்டிக்கொடுக்கும்.

60, 70 கி.மீ. வேகத்தில் குழியில் விழுந்ததும் முன்சக்கரங்கள் உதறத் தொடங்கினால் அது வாப்ளிங். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தை மெல்லக் குறையுங்கள். ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் அடங்கிவிடும், அதனால்தான் அது ஆபத்தான வைத்தியம். டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு டிரன்னியன் பிரீலோட், டை ராட் எண்டு, ஆர்ம் ஸ்டட், டயர் பேலன்ஸ் எல்லாம் பாருங்கள். டேம்பர் இல்லாமலே உதறாத வண்டிக்கு டேம்பர் போடுங்கள், கல் இடிக்கும்போது கைக்கு இதமாக இருக்கும்.

150 கி.மீ. ஓடியதும் எட்டு ஆர்ம் நட்டுக்கும், பாக்ஸ் போல்ட்டுகளுக்கும், பிட்மேன் நட்டுக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் அடியிலுள்ள இரும்புவரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றக் கீழே படுக்கும்போது கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு டார்ச் ஒன்று போதும்.